ஊர் கண்டவனும் ஊர் காணாதவளும்

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் ஊருக்குச் செல்வது வேறு; இருவரும் சேர்ந்து அவ்வூரைக் காண்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்ளும் மயக்கம் நம் இல்லங்களில் உண்டு. நம் இலக்கியத் திறனாய்விலும் உண்டு. இல்லத்து மயக்கத்தை எவரும் எளிதில் காட்டிவிடலாம். திறனாய்வின் மயக்கமோ நூற்றாண்டுப் பழமையுடையது. உரைப் பெருமையும் மேடைப் பெருமையும் சூழ்ந்து நிற்பது. அதனைச் சற்றே விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து நேயர்கள் நன்கறிந்த செய்தியிலிருந்தே தொடங்குவோம். வாரக் கடைசியில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால், புதிதாக மணமான தம்பதியர் உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சென்னைக்குச் சென்று வருவது இன்று பெருவழக்காகிவிட்டது. சனிக்கிழமை திருவல்லிக்கேணியில் 1795ஆம் ஆண்டு எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும், எழும்பூரில் 1851இல் தோன்றிய அருங்காட்சியகமும், மாலையில் மெரினாக் கடற்கரையும். ஞாயிறன்று வண்டலூர் உயிரியல் பூங்கா. இரவில் ஊர் திரும்புதல். நல்ல வழக்கமே. நாம் குறை கூறவில்லை. ஆனால், திரும்பி வந்தபின் நிகழும் உரையாடலைக் கவனித்ததுண்டா? பெரியவர்கள், "பட்டணம் எப்படியப்பா இருந்தது?" என்று மகனைக் கேட்பார்கள். அவனும் தெருவையும் கூட்டத்தையும் விலைவாசியையும் விரித்துரைப்பான். மருமகளைக் கேட்கும் கேள்வியோ, "என்னம்மா வாங்கி வந்தாய்?" என்பதாக இருக்கும். கண்டதைச் சொல்லும் உரிமை ஒருவனுக்கு. கொண்டதைக் காட்டும் கடமை ஒருத்திக்கு. கைப்பேசியில் எடுத்த படங்களிலும் அவள் இருக்கிறாள்; அவள் பார்த்த காட்சி இல்லை.

இது சிறு செய்தி என்று தோன்றலாம். ஆனால் தமிழின் தலைசிறந்த காப்பியம் ஒன்று, ஒரு தம்பதியர் பெருநகர் நோக்கிச் சென்ற பயணத்தையே நடுவாகக் கொண்டது. அந்நகரை ஒருவன் மட்டும் கண்டான் என்பதை அக்காப்பியப் புலவர் எத்துணை நுட்பமாகக் குறித்து வைத்திருக்கிறார் என்பதை நம்மவர் போதிய அளவு பேசவில்லை. சிலப்பதிகாரத்தைத்தான் சொல்கிறோம்.

புகாரில் தொடங்கும் கணக்கு

சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் உடையது. உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சிட்டு வழங்கிய நாள்முதல் அதன் நகர வருணனைகளைப் பாராட்டாதவர் இல்லை. பதினான்காவதான ஊர்காண் காதை மதுரையின் செல்வச் சிறப்புக்குச் சான்றாக எடுத்துக் காட்டப்படும். அதனைத் தனியே பிரித்தெடுத்துப் பயிற்றுவதும், பண்டை வணிகத்துக்குக் குறிப்பெடுக்கப் பயன்படுத்துவதும் வழக்கம். பிரித்தெடுத்ததால் வந்த இழப்பு யாதெனில், 'ஊர் காண்பவர் யார்? உடன் இல்லாதவர் யார்?' என்ற வினா எழாமற் போனதுதான்.

அவ்வினாவுக்கு விடை மதுரையில் தொடங்குவதன்று, புகாரிலேயே தொடங்குகிறது. கோவலன் இன்பச் செலவு சென்றதே இல்லையா என்றால், சென்றிருக்கிறான். இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் செல்கிறான். அவன் கோவேறு கழுதை மீதும், உடன்வருபவள் வண்டியிலுமாகச் செல்கின்றனர். கடற்கரையில் வணிகர் ஏற்றிய விளக்குகளின் வரிசையைப் புலவர் அடுக்கிக் காட்டுகிறார். இருவரும் சேர்ந்து கண்ட காட்சி அது. ஆனால் உடன் சென்றவள் மாதவி, கண்ணகி அல்லள். அச்செலவும் கானல்வரிப் பாடலில் ஊடலாய் முடிந்து பிரிவில் நின்றது.

அதே காலத்தில் கண்ணகிக்கும் ஓர் அழைப்பு வருகிறது. கணவனை மீண்டும் அடைவதற்காகக் கடற்றுறையில் உள்ள இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளை வணங்கி வரலாம் என்று தோழி தேவந்தி அழைக்கிறாள். அது தனக்குப் பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். காவிரிப்பூம்பட்டினம் போன்ற பெருநகரில் பிறந்தும், அந்நகரின் விழாவையும் கடற்கரையையும் கணவனோடு கண்டவளாகக் காப்பியம் அவளை நமக்குக் காட்டவில்லை. எனவே, விடியுமுன் கணவனோடு வாயிலைக் கடந்து மதுரை நோக்கி எடுத்துவைத்த அடியே, நாம் அறிந்தவரை, அவர்கள் இருவரும் சேர்ந்து மேற்கொண்ட முதற்செலவு.

ஒரு காத தூரம் கடந்த அளவிலேயே, பழம்பெரும் மதுரை எங்கே உள்ளது எனக் கண்ணகி கேட்கிறாள். கால் நொந்தவளின் கேள்வி இது. ஊர் பார்க்கும் ஆவலால் கேட்டாள் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். கோவலன் சொன்ன விடையோ புகழ்பெற்றது. முப்பது காதம் என்னாமல் ஆறைந்து காதம் என்கிறான். ஆறு என்றும் ஐந்து என்றும் அவள் செவியில் விழட்டும், முப்பது என்று விழவேண்டா என்பது அச்சொல்லின் உட்கிடை. அன்பினால் மறைத்த உண்மை அது. நாம் அதனைப் பழிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மதுரையைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு அன்றே பாதி விடைதான் கிடைத்தது.

ஊர்காண் காதையின் நடை

மதுரையின் புறஞ்சேரியை அடைந்த மறுநாள், கோவலன் கவுந்தியடிகளை வணங்கித் தன் துயரைச் சொல்கிறான். அடிகள் ஆறுதலாக இராமன் கதையையும் நளன் கதையையும் எடுத்துரைக்கிறார். அவ்விருவரும் மனைவியைப் பிரிந்து துன்புற்றவர்கள். நீயோ அவர்களைப் போலன்றி மனைவியைப் பிரியாத வாழ்வு பெற்றிருக்கிறாய் என்பது அவர் கூற்றின் சாரம். இதைக் கேட்ட கோவலன் அடுத்துச் செய்வது என்ன? நகருக்குள் சென்று வணிகப் பெருமக்களுக்குத் தன் நிலையை உணர்த்தி வரும் வரையில் கண்ணகி அடிகளின் காவலில் இருக்கட்டும் என்று ஒப்படைத்துவிட்டுத் தனியே புறப்படுகிறான். பிரியாத வாழ்வு பெற்றாய் என்ற சொல் ஆறுமுன்னே பிரிவு நிகழ்கிறது. ஒருநாட் பிரிவுதான், எனினும் புலவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

பிறகு அவன் நடக்கிறான். யவனர் வாளேந்திக் காக்கும் வாயிலைக் கடக்கிறான். கணிகையர் வீதிகளைக் காண்கிறான். நவமணி விற்கும் தெருவில் ஒவ்வொரு மணிக்கும் உரிய குற்றமும் குணமும் நிறமும் ஆராயப்படுவதைப் புலவர் விரிக்கிறார். பொன்னின் வகை தெரிந்து விற்போர் தெரு, துணிக்கட்டுகள் அடுக்கிய அறுவை வீதி, துலாக்கோலும் அம்பணமும் ஏந்தியோர் திரியும் கூலக்கடைத் தெரு, நால்வகைத் தெருக்கள், சந்திகள், சதுக்கங்கள் எனக் காட்சி நீள்கிறது. வெயில் நுழையாத கொடி நிழலில் திரிந்து, ஊர் கண்ட மகிழ்ச்சியோடு அவன் புறஞ்சேரிக்கு மீள்கிறான்.

இவ்விடத்தில் நேயர்கள் இரு செய்திகளை நோக்க வேண்டுகிறோம். முதலாவது, எந்த வேலைக்காகச் சென்றானோ அந்த வேலை நடந்ததாகக் காதை சொல்லவில்லை. எந்த வணிகரையும் அவன் கண்டு பேசியதாகக் குறிப்பில்லை. வழி தேடிச் சென்றவன் வேடிக்கை பார்த்துத் திரும்பினான். இரண்டாவது, ஒற்றைச் சிலம்பை விற்று வாழ்வு தேட வந்தவன், மணியின் குற்றம் குணம் அறிவார் தெருவிலும், பொன்னின் மாற்று அறிவார் தெருவிலும் நடந்திருக்கிறான். அவன் கண்ணுக்கு அவை காட்சிப் பொருளாயின, கருத்துக்குப் பயன்படவில்லை. பின்னர்ச் சிலம்போடு சென்ற நாளில் அவன் முன் எதிர்ப்பட்டவன் வஞ்சனை மிக்க பொற்கொல்லன். மாணிக்கப் பரலை அறிந்து சொல்லத்தக்கார் நிறைந்த நகரிலேயே, மாணிக்கப் பரலை எவரும் உடைத்துப் பாராமல் ஓர் உயிர் போயிற்று. சிலம்புக்கு உரியவளும் அன்று உடன் நடந்திருந்தால் என்னாகும் என்று கேட்கத் தோன்றும். காப்பியத்தைத் திருத்தி எழுதுவது திறனாய்வாளன் தொழிலன்று. ஆகவே அவ்வினாவை நாம் தொடரவில்லை. புலவர் எழுதியதே போதும்.

எழுதியவற்றுள் மிக நுண்ணியது அடைக்கலக் காதையின் தொடக்கம். ஊர் கண்டு மீண்ட கோவலன், மதுரையின் சிறப்பையும் பாண்டியன் கொற்றத்தையும் எடுத்துச் சொல்கிறான். யாரிடம்? கவுந்தியடிகளிடம். கேட்டவர் இன்னார் என்று புலவரே பெயர் குறித்துவிடுகிறார். அவ்விடத்திலேயே கண்ணகியும் இருக்கிறாள். அவளிடம் அவன், 'இப்படி இருந்தது அம்மா அந்த ஊர்' என்று ஒரு சொல் சொன்னதாகக் காப்பியம் பதியவில்லை.

கண்ணகி கண்ட மதுரை

அப்படியானால் கண்ணகி மதுரையைக் காணவே இல்லையா? கண்டாள். மும்முறை கண்டாள். அம்மூன்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் காப்பியத்தின் முதுகெலும்பே புலப்படும்.

முதன்முறை, வையையின் மறுகரையிலிருந்து. மரப்புணையில் ஆற்றைக் கடந்து சேரும்போது, மதிலின் மீது அசைந்த கொடிகள் வரவேண்டா என்று கைகாட்டி மறிப்பனபோல் இருந்தன என்கிறார் புலவர். இது மட்டுமே கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட மதுரை.

இரண்டாம் முறை, மாலைப் பொழுதில், ஆயர்குல மூதாட்டி மாதரியின் பின்னே. கவுந்தியடிகள் அடைக்கலமாகக் கொடுக்க, மாதரி அவளை நகர்வாயில் வழியே அழைத்துச் செல்கிறாள். அவ்வழியில் புலவர் அடுக்குவன யாவை? காவற்காடு, அகழி, தானே வளைந்து எய்யும் வில், கல் எறியும் கவண் முதலாக மதில்மேல் அமைந்த கொலைப் பொறிகளின் நீண்ட பட்டியல். கோவலனுக்கு மணித்தெருவும் பொன்தெருவும். கண்ணகிக்கு அகழியும் கொலைப்பொறியும். ஒரே நகரம், இரு பட்டியல்கள். நகரின் அகத்தை ஒருவன் கண்டான். அதன் பல்லை ஒருத்தி கண்டாள். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்தால், ஊர்காண் காதையை வெறும் நகர வருணனை என்று இனி எவரும் சொல்லத் துணியார்.

மூன்றாம் முறை, கணவன் கொலையுண்ட செய்தி கேட்டபின். எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி ஊரின் தெருக்களில் நடக்கிறாள். கோவலன் முன்பு நடந்த அதே ஊர். ஆனால் அவன் கண்டது கடைகளை, அவள் தேடியது மனிதரை. இவ்வூரில் பெண்கள் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வந்தான் உண்டா என்று கேட்டுச் செல்கிறாள். வழக்குரைத்து வென்று, மும்முறை நகரை வலம் வந்து, நகருக்குத் தீ வைக்கிறாள். அழற்படு காதையில் எரியும் இடங்களைப் புலவர் சொல்லும்போது கூலத்தெரு வருகிறது. கணிகையர் வீதி வருகிறது. நால்வகைத் தெருக்களும் வருகின்றன. அந்நால்வகைத் தெருக்களைச் சுட்டும் தொடரை ஊர்காண் காதையில் வைத்த சொற்கள் மாறாமலே ஈண்டும் வைத்திருக்கிறார். சொற்செட்டு மிக்க புலவர் தாம் சொன்னதையே சொல்லும்போது, நினைவூட்டுவதற்காகவே சொல்கிறார். கணவன் மகிழ்ந்து நடந்த தெருக்களை மனைவி சென்றடைந்தது இவ்வண்ணம்தான்.

இதற்கு மறுப்பு கூறுவாரும் உண்டு. அறியாத ஊர், தங்க இடமில்லை, நடந்து நடந்து புண்பட்ட காலுடைய மனைவி. அவளை அறவோர் காவலில் விட்டுத் தான் முன்சென்று பார்த்து வருவது கணவனின் கடமையன்றோ என்பர். முழுமையாக உடன்படுகிறோம். கோவலன் தனியே சென்றது குற்றமன்று. அன்றியும், புலவர் சொல்லாதது நடவாதது என்று கொள்வது எப்போதும் செல்லாது என்பதும் உண்மை. இருந்தாலும், வேலைக்கெனச் சென்று வேலையை மறந்ததும், கண்டதை ஒருவரிடம் சொல்லி உரியவளிடம் சொன்னதாகப் பதிவாகாததும், அவளுக்கென வேறொரு பட்டியல் வைக்கப்பட்டதும் ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கும்போது, அந்த மௌனம் வெறும் மௌனமன்று; புலவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்பதே நம் துணிபு.

மலைவழி காட்டும் மாற்று

பண்டைத் தமிழில் பெருநகர்ச் செலவு முழுவதும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால், செங்கம் இருக்கிறது. அதுவே செங்கண்மா என்னும் நன்னனின் ஊர் என்பர். அந்நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது, பத்துப்பாட்டில் ஒன்று. கூத்தர் குழு ஒன்று மலைவழியே அவன் நகர் செல்வதற்கு, முன்பே சென்று பரிசில் பெற்ற ஒருவன் வழி சொல்வதாக அமைந்தது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தார் தம் வீட்டு நூலாகவே கருதத்தக்க பாட்டு அது.

அப்பாட்டில் பெண்கள் குழுவோடு நடக்கிறார்கள். கல் பொருது நொந்த விறலியரின் சிறிய பாதத்தை இளைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடுகிறார் புலவர். நோவு இங்கும் உண்டு. ஆனால் தூரம் மறைக்கப்படவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனக் காவலர் கவண்கல் எங்கே வந்து விழும், இரவில் எங்கே தங்கலாம், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்று எல்லாமே எல்லார் காதிலும் விழச் சொல்லப்படுகின்றன. மலையில் எழும் ஓசைகளை அடுக்கும் பகுதியில், புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் நோய் தணியக் குறமகளிர் பாடும் பாட்டும் ஓர் ஓசையாக இடம்பெறுகிறது. ஆறுபோல் கிடந்த தெருவையுடைய நகரத்துக்குள் எல்லாரும் ஒன்றாகவே நுழைகிறார்கள். முடிவில் தலைவன் பொற்றாமரை சூட, விறலியர் அணிகலன் அணிகின்றனர். சேர்ந்து நடந்தவர் சேர்ந்தே பெறுகிறார்கள்.

இந்நெறியை இன்று கல்வராயன் மலைக்குச் சென்றுவந்து பயணக் கட்டுரை எழுதுவோர் கற்க வேண்டும். கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று இடங்களை எண்ணுகிறார்கள். அருவியின் ஓசை அவர்கள் எழுத்தில் உண்டு. மலைமக்களின் குரல் இல்லை. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து இம்மலைக்கு வந்தவர்கள் என்று இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பெருநகரிலிருந்து மலைக்கு வந்த அக்கதையைக் கேட்டு எழுதியவர் சிலரே. நகரத்தார் மலையைக் காணும் முறையும், கணவன் மதுரையைக் கண்ட முறையும் ஒன்றுதான்: கண் திறந்திருக்கிறது, செவி மூடியிருக்கிறது. கல்வராயன் மலைச் சிற்றூரிலிருந்து இறங்கிவரும் ஒரு தம்பதியருக்குக் கள்ளக்குறிச்சியே பெருநகரம். 2019 நவம்பரில் அது மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. அங்கே அம்மலைமகள் கண்டது என்ன என்பதை எழுதும் பேனா இன்னும் வரவில்லை.

மதுரைக்கு வந்த இன்னொருவர்

அரபு இலக்கியத்திலும் இக்குறைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே மதுரைக்கே வரலாம். 1325இல் தன்ஜாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, 1340களில் மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையில் இறங்கி, மதுரையையும் கண்டார். அகன்ற தெருக்களையுடைய பெருநகர் என்கிறார். அதனைத் தலைநகராக்கிக்கொண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, தில்லியைப் போல் அமைத்தார் என்கிறார். அப்போதிருந்த சுல்தான் கியாதுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அஞ்சாமல் கண்டித்து எழுதுகிறார். அவருடைய கண்ணும் நாவும் நேர்மையானவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றை நோக்குக. அந்த ஜலாலுத்தீன் அவருக்கு மாமனார். ஜலாலுத்தீனின் மகள் ஹூர்நஸபைத்தான் இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். அவ்வம்மையார் இரவில் விழித்து வணங்கும் நல்லடியார் என்றும், தமக்கு ஒரு பெண்மகவு பெற்றுத் தந்தவர் என்றும், படிக்கத் தெரிந்தவர், எழுதத் தெரியாதவர் என்றும், அவ்விருவரும் பின்னர் என்ன ஆயினரோ அறியேன் என்றும் அவரே தம் நூலில் சொல்லிச் செல்கிறார். தந்தையின் நகரத்தை மகள் கண்டாரா என்று நூல் சொல்லவில்லை. மருமகன் கண்டார், எழுதினார். இதே இப்னு பதூதா, உஸ்பெக் கானின் மனைவியருள் ஒருவரான பயலூன் தம் தந்தையின் நகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்றபோது, அப்பரிவாரத்தில் இணைந்தே அந்நகரைக் காணும் பேறு பெற்றார். பிறர் மனைவி தந்தையூர் செல்ல, அவர் உடன்சென்று கண்டார்; தம் மனைவியின் தந்தையூரையோ அவர் இன்றியே கண்டார். 1355இல் இப்னு ஜுஸை எழுதி முடித்த அப்பெருநூலில் உலகம் இருக்கிறது. எழுதத் தெரியாத அந்த அம்மையார் கண்ட உலகம் இல்லை.

இதனால் இப்னு பதூதாவின் பெருமை குறைந்துவிடாது. இளங்கோவின் கோவலன் கொடியவனும் ஆகிவிடமாட்டான். குறை தனிமனிதர் குறையன்று. பயணத்தைச் சொல்வோர் யார், கேட்போர் யார் என்று வகுத்துவைத்த வழக்கத்தின் குறை. வேறுபாடு என்னவென்றால், இப்னு பதூதா அக்குறையை உணராமல் எழுதினார். இளங்கோ உணர்ந்து எழுதினார். அதனால்தான் அவருடையது காப்பியம்.

நம்மிடம் உள்ள அளவுகோல்

இவ்வழக்கத்தை அளக்க நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டிய தேவையில்லை. ஸஃபர் என்னும் அரபுச் சொல்லின் வேரிலேயே திரை விலக்குதல் என்ற பொருள் கிடக்கிறது. மனிதரின் குணத்தை வெளிப்படுத்துவதால்தான் பயணத்துக்கு அப்பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயண ஒழுக்கம் பற்றிய பகுதியில் விளக்குகிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒருவரை நல்லவர் எனச் சான்று கூறியவரிடம், அவரோடு பயணம் செய்ததுண்டா என்று வினவிய செய்தியும் நம் மதரஸாக்களில் சொல்லப்படுவதே. அந்த வினாவை வீட்டுக்குள்ளும் கேட்கலாம் அன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் கேடயமும் ஈட்டியும் கொண்டு விளையாடுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதனைக் காண விருப்பம். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னே அன்னையாரை நிற்கச் செய்து, அன்னையார் தாமாகவே போதும் என்னும் வரையில் பொறுமையோடு நின்றார்கள். புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ள செய்தி இது. இன்னொரு பயணத்தில் இருவரும் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதலில் தாம் வென்றதையும், பின்னொரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் வென்றதையும் அன்னையாரே சொல்ல, அபூதாவூத் பதிந்துள்ளார்கள்.

இந்நிகழ்ச்சிகளை அன்புக்குச் சான்றாக நாம் அடிக்கடி சொல்கிறோம். திறனாய்வுக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும். காட்சி அன்னையாருடையது. எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற அளவு அன்னையாருடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை உலகுக்குச் சொன்ன குரலும் அன்னையாருடையது. கண்டவரே சொன்னார், சொன்னவரை உம்மத்து நம்பி எழுதிக்கொண்டது. அவர் காணாமலோ கண்டும் சொல்லாமலோ இருந்திருந்தால் நம் மார்க்க அறிவே எவ்வளவு குறைந்திருக்கும்! பார்க்கும் உரிமையும் சொல்லும் உரிமையும் ஒருவருக்குச் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நாம் அறியோம்.

நம் சமுதாயத்துப் பெண்கள் சொல்லாதவர்கள் அல்லர். நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதி வெளியிட்டவர். அந்தத் துணிவுக்குப் பிறகும், நம் இல்லத்துப் பெண் ஒருத்தி பட்டணம் கண்டு வந்து எழுதிய பயணக் கட்டுரையை நம் மாத இதழ்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்காண் காதையை இனித் தனியே நடத்தாதீர்கள். அடைக்கலக் காதையின் மதில்வாயிலையும் அழற்படு காதையின் தெருக்களையும் அதனோடு சேர்த்து நடத்துங்கள். 'மதுரையில் என்னென்ன தெருக்கள் இருந்தன?' என்று மட்டும் கேட்காமல், 'அத்தெருக்களை யார் கண்டார், எப்போது கண்டார்?' என்றும் மாணவரைக் கேளுங்கள். காப்பியம் தானே வாய் திறக்கும்.

இல்லத்தாருக்கும் ஒன்று. மனைவியைப் பெருநகருக்கு அழைத்துச் செல்வது நன்று. செல்லும் தூரத்தை மறைக்காமல் சொல்வது அதனினும் நன்று. அவர் நிற்கும் இடத்தில் நின்று, போதும் என்று அவர் சொல்லும்வரை பொறுப்பது ஸுன்னத்தான பண்பு. ஊர் திரும்பியதும் பெரியவர்கள் மகனைக் கேட்பதற்கு முன் மருமகளைக் கேட்கட்டும்: "நீ என்னம்மா பார்த்தாய்?" அவர் விரிவாகச் சொல்லட்டும், வீட்டுப் பிள்ளைகள் சுற்றியமர்ந்து கேட்கட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதியும் வைக்கட்டும்.